மீன்கறி அன்றைக்கு மட்டும் சிவப்பு

கேண்டீன் சூப்பர்வைசர் வேலையை எவனாவது சொகுசான வேலை என்று சொன்னால், அவனை ஒரே ஒரு வாரம் என் இடத்தில் நிறுத்த வேண்டும். நாகர்கோவிலில் ஒரு சாப்ட்வேர் ஆபீஸ். அங்கே சாப்பாடு போடுகிற ஒப்பந்தம் சென்னை கேட்டரிங் கம்பெனி ஒன்றுக்கு. மேலே ஹெட் ஆபீஸ், கீழே பசித்த கூட்டம், நடுவில் இரண்டு பேரிடமும் ஏச்சு வாங்க நான்.

சமையலுக்கு ஒரு அக்கா, தேங்காய்ப்பட்டணத்திலிருந்து பஸ் மாறி வருவாள். வீட்டில் புருஷன் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை. வியாழக்கிழமை தேங்காய் வறுத்தரைத்து அவள் மீன்கறி வைத்தால் லிப்ட் வரைக்கும் மணக்கும்.

அப்போதுதான் ஹெட் ஆபீஸ் ஒரு மிஷினை அனுப்பியது. கை கழுவுகிற இடத்தில் மாட்டணுமாம். சாப்பாடு நன்றாக இருந்தால் பச்சைப் பொத்தான், மோசமென்றால் சிவப்பு. எல்லாம் நேரே சென்னைக்குத் தெரிந்துவிடும். கூடவே ஒரு உத்தரவு: ஆளுக்கு ஒரு துண்டு மீன், ஒரு அகப்பை கறி. மறுகறி கிடையாது.

எங்கள் ஊரில் கேட்காமலே இரண்டாம் தடவை ஊற்றாவிட்டால் அது அவமரியாதை. இதைச் சென்னையில் ஏசி ரூமில் இருக்கிறவனுக்கு யார் சொல்ல? வியாழக்கிழமைதோறும் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, எல்லாரும் போய்ச் சிவப்பை அமுக்கினார்கள். தண்ணிச் சாம்பார் அன்றைக்குப் பச்சை! ஒருத்தனைப் பிடித்து, "ஏலே மக்கா, கறி நல்லா இல்லியா?" என்று கேட்டேன்.

"கறி ஒண்ணாந்தரம். ஒத்த அகப்பையோட நிறுத்தினா கோவம் வராதா?" என்றான்.

சமையல்காரியை மாற்று என்று ஹெட் ஆபீஸ் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. விஷயத்தை விளக்கினேன். "டேட்டா அப்படிச் சொல்லலையே" என்றார் மேனேஜர். டேட்டாவுக்கு நாக்கு இருக்கா, கூறுகெட்டவனே என்று தொண்டை வரை வந்தது. வாய் என்னவோ "சரி சார்" என்றுதான் சொன்னது.

மறு வியாழன் மிஷின் பக்கத்தில் நானே நின்றேன். "அக்காவுக்க வேலை போவப் போவுது, பச்சையை அமுக்குங்கப்பா" என்று கெஞ்சினேன். பாசக்காரப் பயல்கள், எதிலும் அளவு கிடையாது. ஆளுக்குப் பத்துத் தடவை அமுக்கினார்கள். சாப்பிடாதவனும் மாடியிலிருந்து இறங்கி வந்து அமுக்கிவிட்டுப் போனான்.

மறுபடியும் போன். கம்பெனியின் எல்லா கேண்டீனிலும் எங்கள் மீன்கறிதான் முதலிடமாம்! மற்ற சமையல்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அக்காவுக்குச் சென்னைக்கு மாற்றல், பதவி உயர்வோடு. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"சாரே, நான் அங்க போனா வீட்டுல கெடக்க அவியள எழுப்பி உக்கார வைக்கியது ஆரு? எனக்கு இஞ்ச உள்ள அடுப்பு போரும்" என்றாள் அக்கா. காலில் விழாத குறையாக மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தேன். மாற்றலை ஏற்காவிட்டால் ராஜினாமாதான், அது கம்பெனி விதி என்றார்.

படிவம் இங்கிலீஷில் வந்தது. அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, "காரணம் என்னண்ணு எழுதணும் சாரே?" என்று கேட்டாள். அதையும் ஹெட் ஆபீஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தது. சொந்தக் காரணம் என்று நான்தான் எழுதினேன்.