தேசிக்காய் மாட்டிய பெருவிரல்

அப்பாவுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பார். மீதி நாட்களில் கொட்டாஞ்சேனையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் அறைக்கு அறை நடந்துகொண்டிருப்பார். நான் எத்தனையாம் வகுப்பு என்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. மரக்கறி வாங்க அனுப்பினால் கடைக்காரன் தள்ளிவிடப் பார்த்ததையெல்லாம் சிரித்துக்கொண்டே வாங்கி வருவார். அவர் இல்லாமலே ஓடிப் பழகிய வீடு என்பதால் அவருக்கென்று அங்கே ஒரு வேலையும் மிச்சம் இருக்கவில்லை. அவராகத் தேடிப் பிடித்த ஒரே வேலை என் நகம் வெட்டுவதுதான்.

சனிக்கிழமை பின்னேரம் பல்கனியில் பேப்பரை விரித்து, என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். எஞ்சின் அறையில் வேலை செய்தவர் எதையும் அரைகுறையாக விடமாட்டார். நெயில் கட்டரின் முனையால் மூலைகளைத் தோண்டித் தோண்டி, நகத்தைப் பிறை மாதிரி வளைத்து வெட்டுவார். முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். அம்மாவும் அடுப்பை விட்டுவிட்டு வந்து பார்ப்பா.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டத்தின் கடைசி ஆளாக என்னைத் தெரிவு செய்தார்கள். அதுவே பெரிய விஷயம். அதைவிடப் பெரிய விஷயம், போட்டி அப்பாவின் லீவுக்குள் வந்து விழுந்தது. அதுவரை நான் ஓடியதையெல்லாம் அம்மா போனில் எடுத்து அனுப்பிய வீடியோவில்தான் அவர் பார்த்திருக்கிறார். அதிலும் பாதி நேரம் யாரோ ஒருவருடைய முதுகுதான் தெரியும். இந்த முறை கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று நேரே பார்க்கப் போகிறார். நான் நடப்பதையே விட்டுவிட்டேன். கடைக்கும் ஓட்டம், கோயிலுக்கும் ஓட்டம். மாடிப்படியில் ஓடி ஓடிக் கீழ்வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வலது கால் பெருவிரல் நோகத் தொடங்கியது. நகத்தின் ஓரம் சிவந்து, தொட்டால் உயிர் போனது. மேல்வீட்டு ஆன்ட்டி பார்த்த மாத்திரத்தில் நகச்சுற்று என்று தீர்ப்புச் சொன்னா. ஒரு தேசிக்காயின் தலையைச் சீவி, உள்ளே குடைந்து, என் பெருவிரலில் தொப்பி மாதிரி மாட்டிவிட்டா. முதல் கொஞ்ச நேரம் எனக்கு ஒரே பெருமை. படியில் தாண்டித் தாண்டி இறங்கி எல்லா வீட்டுக்கும் காட்டினேன். புளி புண்ணுக்குள் இறங்கியதும் நான் வைத்த சத்தத்தில் அதே வீட்டுக்காரர்கள் எல்லாரும் மேலே ஓடி வந்தார்கள்.

அப்பா தாங்கவில்லை. பிள்ளைக்கு நோகிறதே என்று நெயில் கட்டரை எடுத்து, நகம் குத்துகிற மூலையை இன்னும் உள்ளே போய் வெட்டி எடுத்தார். அன்றைக்கு நோவு குறைந்தது. மூன்றாம் நாள் சீழ் வைத்து, சப்பாத்துக்குள் கால் போகவில்லை. போட்டிக்குப் பத்து நாள்தான் இருந்தது. அப்பா அடிக்கடி என் விரலைப் பார்ப்பதும் கலண்டரைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் கட்டிலில் குப்புறக் கிடந்து அழுதேன்.

ஓட்டோ பிடித்து மூன்று பேருமாக டிஸ்பென்சரிக்குப் போனோம். டொக்டர் சிங்களவர். எங்கள் வீட்டில் சிங்களம் கதைப்பது அப்பாவின் பொறுப்பு. அம்மாவின் சிங்களம் மீன்காரரோடு பேரம் பேசுவதற்கு மேல் போகாது. அப்பா கேலி செய்வார் என்பதற்காகவே அவர் பக்கத்தில் இருந்தால் அம்மா வாயைத் திறக்கமாட்டா.

டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்தார். இது நகச்சுற்று இல்லை, நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறது என்றார். பிறகு, இந்தப் பிள்ளைக்கு யார் நகம் வெட்டுவது என்று மெதுவாகக் கேட்டார். அவர் கேட்ட விதத்தில் ஏதோ பரிசு கொடுக்கப் போகிறார் என்றே நான் நினைத்தேன். சுவரில் சாய்ந்து நின்ற அப்பா நிமிர்ந்தார். அவர் பேசுவதற்குள் அம்மா முந்திக்கொண்டா.

“மம தமய், டொக்டர்.”

நான்தான் என்கிறா! எனக்கு வந்ததே கோபம். அப்பாவுக்குக் கிடைக்க இருந்த பேரை இப்படியா தட்டிப் பறிப்பது? வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் தோளை இறுக்கியது.

பரிசு ஒன்றும் வரவில்லை, ஏச்சுத்தான் வந்தது. மூலையைத் தோண்டி வளைத்து வெட்டினால் அடியில் ஒரு கூர் மிஞ்சிவிடும், நகம் வளர வளர அது சதையைக் குத்திக்கொண்டு போகும் என்றார் டொக்டர். நேராக வெட்ட வேண்டும், இரண்டு மூலையும் வெளியே தெரிய விட வேண்டும், ஒட்ட வெட்டக் கூடாது, இறுக்கமான சப்பாத்துப் போடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா தலையைக் குனிந்து எல்லாவற்றுக்கும் ஆட்டினா. அப்பா சுவரில் இருந்த பல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அதிலெல்லாம் கவனமில்லை. ஓடலாமா என்று கேட்டேன். இன்றைக்கே அந்தக் கூர்த்துண்டை எடுத்துவிடலாம், காயம் ஆறினால் ஓடலாம் என்றார். ஊசி குத்தும்போது அப்பாவின் கையைப் பிடித்தேன், அது என் கையைவிட ஈரமாக இருந்தது. விரல் மரத்ததும் டொக்டர் நகத்தின் ஓரத்தைச் சீவி, உள்ளே கிடந்த கூர்த்துண்டை இழுத்து எடுத்துக் காட்டினார். சின்ன மீன்முள் அளவுதான். இதற்காகவா இவ்வளவு அழுதேன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு அம்மா தினமும் மருந்து கட்டினா. குளிசை போட்டேன், செருப்போடு பள்ளிக்கூடம் போனேன். போட்டிக்கு முந்தின நாள் டொக்டர் விரலை அமத்திப் பார்த்தார். நோகவில்லை. ஓடு என்றார். சந்தோசத்தில் வாசல் படியிலேயே ஓடத் தொடங்கி அம்மாவிடம் குட்டு வாங்கினேன்.

போட்டியன்று அஞ்சல் கோல் என் கைக்கு வரும்போது எங்கள் இல்லம் கடைசிக்கு முதல் இடத்தில் இருந்தது. பாய்ந்தேன். ஒருத்தியைத் தாண்டினேன், இன்னொருத்தியையும் தாண்டினேன். கயிற்றுக்கு வெளியே யாரோ கத்திக்கொண்டு கூடவே ஓடி வருவது கேட்டது. அப்பாதான்! ஒரு டீச்சரின் குடையைத் தட்டி விழுத்திவிட்டு ஓடி வந்தார். இரண்டாவதாக வந்தேன். முதலாவதாக வந்தவளுடைய அப்பாகூட அவ்வளவு துள்ளவில்லை. அன்றைக்கு உலகத்திலேயே சந்தோசமான ஆள் நான்தான்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் அப்பா பேப்பரை விரிக்கவில்லை. நெயில் கட்டரைக் கொண்டுபோய் அம்மாவின் கையில் வைத்தார்.

“இனி நீரே வெட்டிவிடும்.”

அம்மா அதை அவர் கையிலேயே திருப்பி வைத்தா.

“எனக்குக் கண் சரியாத் தெரியேல்லை. நீங்களே வெட்டுங்கோ. நேரா வெட்டினாச் சரி.”

அப்பா பேப்பரை விரித்து, என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று காலையில்தான் அம்மா ஜன்னல் பக்கம்கூடப் போகாமல், ஒரே தரத்தில் ஊசியில் நூல் கோத்து என் சட்டைக்குப் பொத்தான் தைத்திருந்தா. அதைச் சொன்னேன். கண் தெரியாதவ எப்படி எனக்கு நகம் வெட்டினதாக டொக்டரிடம் சொல்லலாம் என்றும் கேட்டேன். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டா, அப்பா குனிந்து நகத்தை நேராக வெட்டத் தொடங்கினார். இந்த வயதிலும் ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லையே என்று எனக்கு அம்மாவை நினைக்க வெட்கமாக இருந்தது.