ஒன்பது கிலோ நானூறு

எங்கள் கல்குவாரி எடைமேடையில் பத்து கிலோவுக்குக் குறைந்த எதுவும் தெரியாது. லாரி ஏறி நின்றால் திரையில் எண் பத்துப் பத்தாகத்தான் நகரும். நடுவில் இருக்கும் ஒன்பது கிலோவை எவன் மறைத்தாலும் இயந்திரத்துக்குக் கவலையில்லை. ஆனால் பகல் ஷிப்டில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு உண்டு. அதனாலேயே லாரிக்காரர்கள் அவருக்குக் கிலோ என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு அடுத்த ஷிப்ட் நான். பதினோரு வருடமாக அவர் சூடாக்கிவிட்டுப் போகும் நாற்காலியில்தான் உட்காருகிறேன்.

கல் ஏற்ற வருகிறவர்களின் தில்லுமுல்லு ஒன்றா இரண்டா. காலி லாரியை எடை போடும்போது தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வருவான். கல் ஏற்றியபின் தொட்டியைக் காலி செய்துவிட்டு வருவான். இன்னொருவன் பின் சக்கரத்தை மேடைக்கு வெளியே அரை அடி தள்ளி நிறுத்துவான். கிலோ அண்ணன் திரையை நம்பி ஒரு சீட்டு எழுதியதில்லை. எழுந்து வந்து, குனிந்து, வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். இதை நான் இப்போதே சொல்லிவைக்கக் காரணம் உண்டு. ஊரான் வண்டியைக் குனிந்து பார்த்த மனிதர் வீட்டுப் பையை ஒருமுறை திறந்து பார்த்திருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவர் வீடு தாழ்வான தெருவில், ஓட்டு வரிசை வீடுகளில் ஒன்று. அடுத்த வீட்டில் அவர் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய பெண் குழந்தை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், முன்னால் ஒரு பொதுச் சந்து. அண்ணனுக்குக் குழந்தை இல்லை. அவர் மனைவியை நான் அக்கா என்பேன். தலையணை உறை தைத்துக் கடைக்குக் கொடுப்பவர்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஏரி உடைந்து முதல் வெள்ளம் வந்தது. அந்தக் காலத்தில் அண்ணன் பழைய ராணுவச் சாமான் விற்கிற கடைக்கு நல்ல வாடிக்கையாளர். ஆபத்துக் காலத்துக்கு என்று வாங்கிச் சேர்ப்பார். பதினான்கு பாக்கெட் வைத்த அங்கி, இரும்புத் தலைக்கவசம், மடக்கு மண்வெட்டி, கைக்கோடரி, கேஸ் அடுப்பு, இரண்டு கத்தி, ஒரு தூண்டில். அந்தத் தெருச் சாக்கடையில் என்ன மீன் பிடிக்கப்போகிறார் என்று நான் கேட்டதில்லை. எல்லாம் சேர்த்து இருபத்தாறு கிலோ. அத்தனையையும் உடம்பிலும் முதுகுப் பையிலும் மாட்டிக்கொண்டு, சண்டைக்குப் போகிற மாதிரி, வாசற்படி இறங்கினார்.

முன்னால் போன அக்கா மூன்றாவது படியில் வழுக்கினார். பிடிக்க வேண்டிய மனிதரின் ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் அடுப்பு. எதைப் போடுவது என்று அவர் முடிவு செய்வதற்குள் அக்காவின் இடுப்பு படியில் மோதிவிட்டது. குனிந்தவரைப் பை குப்புறத் தள்ளியது. இடுப்பளவுத் தண்ணீரில் கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி கிடந்தார். தம்பிதான் ஓடிவந்தான். அண்ணனின் அங்கியிலிருந்தே கத்தியை உருவி, பையின் வாரை அறுத்து, அவரை நிமிர்த்தினான். பிறகு அண்ணியைத் தூக்கிக்கொண்டு போனான். தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்று அடுத்த ஆறு வருடம் வருகிற லாரிக்காரனிடமெல்லாம் அண்ணன் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அக்காவின் இடுப்பில் தகடு வைத்தார்கள். கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. முழங்கால் அளவுத் தண்ணீர் இழுத்தால் நிற்கவும் முடியாது.

அதன் பிறகு கிலோ அண்ணனின் கவலை ஒன்றே ஒன்றுதான். அடுத்த வெள்ளத்தில் மனைவியை முதுகில் சுமந்து வெளியே கொண்டுவர வேண்டும். அக்கா ஐம்பத்திரண்டு கிலோ. அதற்கு மேல் எவ்வளவு தூக்கலாம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்திரண்டு கிலோ மணல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, கழுத்தில் பையையும் தொங்கவிட்டு, எடைமேடையைச் சுற்றி நடந்தார். லாரிக்காரர்கள் ஓரத் திண்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். பை எட்டு கிலோ இருந்தபோது முட்டி மடங்கியது. ஆறு கிலோவில் கேட் வரை போய்த் திரும்பினார்.

"ஆறு கிலோ. அவ்வளவுதான்டா நமக்கு விதிச்சது" என்றார் மூச்சு வாங்க.

அதிலிருந்து ஒவ்வொரு சாமானுக்கும் வழக்கு நடந்தது. தலைக்கவசம் முதல் நாளே தோற்றது. கோடரி, மண்வெட்டி, அடுப்பு எல்லாம் வந்த கடைக்கே திரும்பின. பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்தார்.

"தண்ணி ரெண்டு லிட்டர். ரெண்டு கிலோ அதுலயே போச்சு" என்றார் ஒருநாள்.

"சுத்தியும் தண்ணிதானே இருக்கும், அண்ணே."

"அதைக் குடிச்சா அப்புறம் ஆஸ்பத்திரிக்கு யாரு பை கட்டுறது, நீயா?"

மருந்து, குடிநீர், காயத்துக்குக் கட்டு, சின்ன ரேடியோ, பத்திரங்களின் நகல். இவை அவர் பையில். ஆனால் விடவே முடியாத இரண்டு இருந்தன. ஒன்று அக்காவுக்கான மிதவை ஜாக்கெட். இன்னொன்று முப்பது மீட்டர் கயிறு. கம்பத்துக்குக் கம்பம் கட்டிப் பிடித்துக்கொண்டு போனால்தான் அந்தத் தெருவின் இழுப்பைத் தாண்ட முடியும். இந்த இரண்டும் பெரிய டார்ச், கம்பி வெட்டும் கட்டர், தார்ப்பாய் ஆகியவற்றோடு தம்பியின் பைக்குப் போயின. ஒன்பது கிலோ நானூறு. தம்பி அதைத் தூக்குவான், அண்ணன் அக்காவைத் தூக்குவார். எந்தச் சாமானும் இரண்டு பையில் இருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். "ரெண்டு தடவை வெச்சா அதுக்குப் பேரு பாதுகாப்பு இல்ல, பாரம்" என்பார்.

தம்பியின் பை பொதுச் சந்தில் ஓர் ஆணியில் தொங்கும். ஞாயிறு காலை அண்ணன் அதைக் கொக்கித் தராசில் மாட்டுவார். முள் ஒன்பது நானூறில் நிற்கும். அக்கா டைரியை எடுத்துக் கொடுப்பார். எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பையை ஆணியில் மாட்டுவார். எடை சரியாக இருந்தால் எல்லாம் சரி. இருபத்திரண்டு வருடம் எடைமேடையில் உட்கார்ந்தவருக்கு வீட்டுக்குள் வந்ததும் புத்தி இப்படி மழுங்கிவிட்டது. தம்பி ஆயிற்றே, அதனால்தான்.

இந்த வருடம் மழை மூன்று வாரம் விடவில்லை. நாலாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு அண்ணன் கதவைத் திறந்தார். சந்தில் கணுக்கால் தண்ணீர். தம்பி வீட்டுக் கதவில் பூட்டு. போன் அணைந்திருந்தது. பை மட்டும் ஆணியில் தொங்கியது.

அதைப் பார்த்து அவர் முதலில் தம்பிக்காகத்தான் பதறினாராம். "பதட்டத்துல பையை மறந்துட்டுப் போயிட்டானே, பாவம்" என்று அக்காவிடம் சொன்னாராம். பிறகு ஜாக்கெட்டை எடுக்கப் பையைத் திறந்தார். டார்ச் இருந்தது. கட்டர் இருந்தது, தார்ப்பாய் இருந்தது. ஜாக்கெட்டும் கயிறும் இல்லை. அந்த இடத்தில், பழைய துண்டில் சுற்றி, தரைக்குப் போடுகிற டைல்ஸ் மூன்று.

அப்போதே எனக்குப் போன் செய்தார். "கழுத்தறுத்துட்டான்டா" என்றார். எனக்குப் புரியவில்லை. யாரையோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

கயிறு இல்லாமலே அக்காவை முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் பார்த்திருக்கிறார். அதற்குள் தண்ணீர் முழங்காலைத் தாண்டி இழுக்கத் தொடங்கிவிட்டது. சந்து முனை வரைகூடப் போக முடியவில்லை. திரும்பி வந்து கட்டிலின் மேல் மேசையைப் போட்டு, மேசையின் மேல் மனைவியை உட்காரவைத்தார். தண்ணீர் மார்புக்கு வந்தது. மேசை கட்டிலிலிருந்து நகரப் பார்த்தது. ஒரு கையால் மேசைக் காலையும் மறு கையால் ஜன்னல் கம்பியையும் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து மணி நேரம்.

நானும் பஞ்சர் கடைக்காரரும் காற்றடைத்த இரண்டு லாரி டியூபை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. சந்துக்குள் திரும்பியதும் காதில் விழுந்தது வசவு. தம்பியைப் பிறந்த நாளிலிருந்து தொடங்கித் திட்டிக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. அக்கா மேசையின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். டியூபில் அக்காவை உட்காரவைத்து இழுத்தோம். அண்ணனின் உள்ளங்கைத் தோல் ஜன்னல் கம்பியிலேயே ஒட்டிக்கொண்டு உரிந்துவிட்டது.

மறுநாள் மதியம், வெள்ள முகாமாக்கியிருந்த பள்ளிக்கூட வகுப்பறையில், சேர்த்துப் போட்ட பெஞ்சுகளின் மேல் அக்கா படுத்திருந்தார். அண்ணன் கைகளில் கட்டோடு பக்கத்தில் தரையில். நான் தேநீர் வாங்கிக்கொண்டு உள்ளே வரும்போது தம்பி வாசலில் நின்றான். கூடவே மனைவியும் குழந்தையும்.

அண்ணன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ரசீது எழுதுகிற குரலில் கேட்டார்.

"எத்தனை மணிக்குக் கிளம்புன?"

"அஞ்சு மணிக்கு, அண்ணா. எங்க கூரியர் ஆபீஸ் வேன் வந்துச்சு. கொஞ்சம்தான் இடம் இருந்துச்சு."

"எனக்கு இடம் வேணாம். கதவைத் தட்டியிருக்கலாமே. அஞ்சு மணிக்கு வெளிய தண்ணியே இல்லையே. அவளை நடத்தியே கூட்டிட்டுப் போயிருப்பேனே."

தம்பி தரையைப் பார்த்தான். "தட்டினா நீங்க உடனே பையைத் திறப்பீங்க. என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை."

ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்பதற்காகக் கூடப்பிறந்தவனைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போவார்களா? அவன் சட்டையைப் பிடிக்கத் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தேன். அதற்குள் குழந்தை முன்னால் வந்துவிட்டது. அதன் உடம்பில் அந்த ஆரஞ்சு ஜாக்கெட்.

"பெரியப்பா, எனக்கு அளவா இருக்கு, பாருங்க" என்றது.

அளவாகத்தான் இருந்தது. பெரியவர்கள் போடுகிற ஜாக்கெட் ஆறு வயதுக் குழந்தைக்கு அளவாக இருந்தது. அண்ணன் கட்டுப் போட்ட கையால் அதன் தோள் வாரைத் திருப்பினார். மஞ்சள் நூல். தையல் முடிகிற இடத்தில் மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டியிருந்தது. வாரா வாரம் சைக்கிளில் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்த ஆயிரக்கணக்கான தலையணை உறைகளில் அவர் பார்த்த தையல். மெதுவாகப் பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

"நீயா?"

அக்கா எழுந்து உட்கார்ந்தார். "மழை ஆரம்பிச்ச வாரம் தம்பி வந்து நின்னாரு. எந்தக் கடையிலயும் ஜாக்கெட் இல்லைன்னாரு. பாப்பாவுக்கு ஆறு வயசு. எனக்கு அம்பது. உங்ககிட்ட கேட்டா நீங்க தரமாட்டீங்க."

"கயிறு?"

"பாப்பாவை இடுப்போட கட்டிக்கணும்னு கேட்டாரு. அதையும் எடுத்துக்கச் சொன்னேன்."

"டைல்ஸ் அவன் வெச்சதா?"

"நான்தான் வெச்சேன். உங்க தராசுலயே போட்டுப் பார்த்தேன். ரெண்டு வெச்சா குறைஞ்சுது. மூணு வெச்சதும் சரியா வந்துச்சு."

தம்பி அழுதுகொண்டிருந்தான். அவனை யாரும் பார்க்கவில்லை.

"மூணு ஞாயித்துக்கிழமை எழுதினேன்" என்றார் அண்ணன். "மூணு தடவையும் டைரியை நீதான் எடுத்துக் குடுத்த."

அண்ணன் தொடர்ந்தார்.

"சரி, குழந்தைக்குக் குடுத்த. போகட்டும். நேத்து அஞ்சு மணி நேரம் அவனைத் திட்டிக்கிட்டே நின்னேன். என் தலைக்கு மேல உக்காந்து அத்தனையும் கேட்டுக்கிட்டு இருந்த. நான்தான் குடுத்தேன்னு அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அக்கா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் போய்விடலாமா என்று நினைத்தேன்.

"சொன்னா கோவத்துல மேசையை விட்டுடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு" என்றார்.

அண்ணன் குழந்தையின் வாரை நேராக்கிவிட்டு வெளியே போனார். நானும் பின்னால் போனேன். பள்ளிக்கூட மைதானத்தில் கை கழுவும் குழாயடியில் நின்றார். குழாயைத் திறக்க முடியவில்லை, நான்தான் திறந்துவிட்டேன்.

"தம்பி பண்ணது துரோகம். அதுக்கு ஒரு பேராவது இருக்கு" என்றார். "இவ என் கையையே நம்பலைடா."