நான்காவது கேள்வி

பெயிண்டுத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் பதினாலு வருஷம் குப்பி குலுக்கி அறிக்கை எழுதியவருக்கு, நாற்பது வயதில் வக்கீலாக வேண்டும் என்று தோன்றியது. தோன்றட்டும், யார் வேண்டாம் என்றார்கள். ஆனால் மனிதர் சட்டத்தைப் படிக்க வரவில்லை, இதெல்லாம் ஒரு படிப்பா என்று காட்ட வந்தார்.

"நான் கெமிஸ்ட்ரி படிச்சவன்" என்று எதற்கெடுத்தாலும் ஆரம்பிப்பதால், மாலைக் கல்லூரியில் முதல் வாரமே அவர் பெயர் கெமிஸ்ட்ரி ஆகிவிட்டது. வரலாறு படித்துவிட்டு வந்தவர்களை அவர் மனுஷராகவே மதிக்கவில்லை. பேராசிரியர் ஒரே வழக்கில் இரண்டு பக்கமும் நியாயம் சொன்னால், "அமிலம்னா அமிலம், காரம்னா காரம். ரெண்டும் சரின்னா அதுக்குப் பேரு அரட்டை" என்று பின் பெஞ்சிலிருந்து முணுமுணுப்பார். சாட்சியை விசாரிப்பது பற்றிய வகுப்புகளுக்குப் போகவே இல்லை. கேள்வி கேட்க ஒருத்தன் சொல்லித்தர வேண்டுமா என்ற இளக்காரம். மனப்பாடம் பண்ணித்தான் பாஸானார், அதையும் சட்டத்தின் லட்சணம் என்றே சொல்லிக்கொண்டார்.

பாஸானதும் ஒரு சீனியர் அம்மாளிடம் ஜூனியராகச் சேர்ந்தார். அந்த அம்மாள் கையில்தான் கெமிஸ்ட்ரியின் சொந்த அக்காவின் வழக்கும் இருந்தது. இருபது வருஷமாகத் தையல் கடை நடத்திப் பிள்ளைகளைக் கரையேற்றியவள் அக்கா. கட்டட உரிமையாளர், தன் மகன் மருந்துக்கடை வைக்கப்போகிறான், காலி பண்ணு என்று வழக்குப் போட்டிருந்தார். கடை போனால் அக்காவுக்கு வேறு போக்கிடமில்லை.

விசாரணையன்று சீனியருக்கு வேறொரு நீதிமன்றத்தில் வேலை வந்துவிட்டது. ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தார். "இந்த மூணு மட்டும் கேளுங்க. நாலாவது வாய்ல வந்தா தண்ணி குடிங்க." கெமிஸ்ட்ரி தாளை வாங்கிக்கொண்டார். மூன்றே மூன்று! இதற்கா ஊரெல்லாம் வக்கீலைக் கண்டு நடுங்குகிறது?

உரிமையாளரின் மகன் கூண்டில் ஏறினான்.

"மருந்தியல் படிச்சிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"உங்க பேர்ல லைசென்ஸ் இருக்கா?"

"இல்ல."

"இதே கட்டடத்துல உங்களுக்கு வேற கடை காலியா இருக்கா?"

"மாடியில ஒண்ணு இருக்கு."

நீதிபதி எழுதிக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு பழைய மனுவைத் தூசி தட்டிக் கொண்டுவந்த சோம்பேறி. அவர் முகம் செத்துவிட்டது. வழக்கு கைக்குள் இருந்தது, உட்கார வேண்டியதுதான் பாக்கி. உட்காருவாரா நம்மவர்? காரணம் தெரியாமல் முடிவை எழுதினால் அது ஆய்வாகுமா? நுணலும் தன் வாயால் கெடும்.

"அப்புறம் எதுக்கு இந்தக் கடையைக் கேக்குறீங்க?"

"என் மனைவி மருந்தியல் படிச்சவ சார். போன வாரம் அவ பேர்ல லைசென்ஸ் வந்துடுச்சு. அவளுக்குக் கால் முடியாது, மாடிப்படி ஏற முடியாது. அதான்."

நீதிபதி அதையும் எழுதிக்கொண்டார், வரி விடாமல். சோம்பேறி வக்கீல் எழுந்து, அந்த லைசென்ஸைத் தாக்கல் செய்ய அனுமதி கேட்டார். அனுமதி கிடைத்தது.

வெளியே வராந்தாவில் அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவமானத்தில் காது சிவந்திருந்தாலும் கெமிஸ்ட்ரிக்கு வாய் மட்டும் குறையவில்லை.

"என்னக்கா பண்றது, உண்மைன்னு ஒண்ணு இருக்கே. கேட்டாத்தானே தெரியுது."

"எனக்கு முன்னாடியே தெரியும்டா" என்றாள் அக்கா. "அந்தப் பொண்ணுக்குத் துணி தைக்கிறதே நான்தான். சீனியரம்மாகிட்டயும் சொல்லியிருந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போய்க் கேட்டுடுவேன்னுதான்" என்றாள்.