கீழ் வீட்டுப் பிரவுசர்

ஹைதராபாத் மாதாப்பூரில் எங்கள் ஆபீஸின் நான்காவது மாடிக்கு நான் போனால், ஆட்கள் சட்டென்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். மறுமுனையில் யாரும் இருக்கமாட்டார்கள். அங்கிருந்த நானூறு கம்ப்யூட்டர்களுக்கும் அப்டேட் போடுவது என் வேலை. பிரவுசரில் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக எவனோ உள்ளே நுழையலாம் என்று செய்தி வந்தால், அதை அடைக்கும் வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. மற்றவர்களோ ‘பிறகு நினைவூட்டு’ என்ற பட்டனை அமுக்குவதற்கென்றே பிறந்தவர்கள். அந்தப் பட்டனை வைத்தவன் என் கையில் கிடைத்தால் தெரியும்.

ஆபீஸோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் அவர்களுடைய கம்ப்யூட்டர்மேல்தான் விழும். பேசிக்கொண்டே போய் உட்கார்ந்து, பிரவுசர் எந்தக் காலத்தது என்று பார்த்து, புதியதைப் போட்டுவிட்டுத்தான் எழுவேன். பழம் வாங்கிப்போவதைவிட இது பெரிய உபகாரம் என்று மனதார நம்பினேன். “போற வீட்டுல கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்களேன்” என்பாள் மனைவி. நான் கேட்டதில்லை.

அப்போது குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் மாடியில் குடியிருந்தோம். கீழ் வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். நாங்கள் கோவில்பட்டியிலிருந்து வந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர்களோ பல தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருந்தவர்கள். குடும்பத் தலைவருக்குச் சனத்நகரில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர் வேலை. அவர்கள் பெண் பிளஸ் டூ முடித்திருந்தாள். தமிழில் என்ன கேட்டாலும் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பகாரா சோறும் தால்ச்சாவும். இலை போடுவதற்குள் பத்து நிமிஷம் கிடைத்தது. ஹாலில் கம்ப்யூட்டர் சும்மா இருந்தது. பார்த்தால் பிரவுசர் அரதப்பழசு, உடம்பெல்லாம் ஓட்டை. போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதியதை இறக்கி ஓடவிட்டுவிட்டு, கையைக் கழுவி வந்து மூன்று முறை தால்ச்சா வாங்கிச் சாப்பிட்டேன். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பெண் ஒரு நோட்டுத்தாளோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் காலேஜ்களை வரிசைப்படுத்தி இணையத்தில் பதியவேண்டும். இரண்டு வாரம் அப்பாவோடு சண்டை போட்டு, எலக்ட்ரானிக்ஸ்தான் முதலில் என்று ஜெயித்து எழுதிய பட்டியல் அந்தத் தாளில் இருந்தது. காலையில் ஒத்திகை பார்த்தாளாம், நன்றாக வேலை செய்ததாம். அன்று மாலை ஆறு மணியோடு கடைசி.

பக்கம் திறந்தது. ஆனால் காலேஜ் பெயர்கள் வரவேண்டிய பெட்டிகள் வெறுமையாக இருந்தன. அமுக்கினாள், மறுபடி அமுக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அங்கிள், மீரு ஏம் சேசாரு?” என்று கேட்டாள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற அந்தக் கேள்விக்கு என்னிடம் மிக நல்ல பதில் இருந்தது. அதைச் சொல்வதற்குப் பதில் குனிந்து திரையைப் பார்த்தேன். அந்தத் தளம் பழைய பிரவுசருக்காகக் கட்டப்பட்டது. நான் போட்டதோ புதியது.

“கைக்கு அண்ணா அதைத் தொட்டீங்க?” என்றார் அவள் அம்மா. ‘கைக்கு’ என்றால் அந்த ஊர் உருதுவில் ‘எதற்கு’. கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் சுருக்கென்றது.

அவள் அப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நெட் சென்டருக்குப் பறந்தார். காலனிப் பிள்ளைகள் எல்லாம் பெற்றோரோடு தெரு வரைக்கும் வரிசையில் நிற்பதாகப் போனில் சொன்னார். என் லேப்டாப்பில் செய்யலாமா என்று மனைவி கேட்டாள். அதிலும் புதிய பிரவுசர். ஆபீஸில் நானூறு மெஷின் இருக்கிறதே என்றால், ஒன்றுவிடாமல் அவற்றிலும் புதியது. எல்லாம் என் கைங்கரியம். என் கைக்கெட்டிய தூரத்தில் பழைய பிரவுசரே இல்லாமல் செய்துவைத்திருந்தேன்.

ஒரே வழி, போட்டதைக் கழற்றுவது. ஆபீஸில் யாராவது அதைக் கேட்டால் கால் மணி நேரம் பிரசங்கம் செய்வேன். இப்போது வாயை மூடிக்கொண்டு நானே கழற்றினேன். மெஷினை அணைத்து மறுபடி ஏற்றச் சொன்னது. பச்சைக் கோடு நகர்வேனா என்றது. அந்தப் பெண் அழவில்லை. தாளை நாலாக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மணி நாலே முக்கால்.

பழைய பிரவுசர் வந்தது. பெட்டிகளில் காலேஜ் பெயர்கள் வந்தன. நான் ஒவ்வொன்றாகப் படித்தேன், அவள் பதிந்தாள், அம்மா விரல்விட்டு எண்ணினார். ஐந்தரைக்கு எல்லாம் பதிவாகிவிட்டதென்று திரையில் வந்ததும், நெட் சென்டர் வரிசையில் நின்றவரைத் திரும்பி வரச் சொன்னோம்.

எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. “இப்பப் புதுசைத் திரும்பப் போட்டுடறேன், பத்தே நிமிஷம்” என்று நாற்காலியை இழுத்தேன். அம்மா குறுக்கே வந்து நின்றார். “நக்கோ, வேண்டாம் அண்ணா! சீட் வந்து லெட்டரை எடுக்கிற வரைக்கும் இந்தப் பக்கமே வராதீங்க.” என் மனைவி சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டிருக்கும். காலேஜில் சேர்வதற்கான அந்த லெட்டரும் அதே தளத்திலிருந்துதான் எடுக்கவேண்டும் என்பதால் நான் எதிர்த்துப் பேச வழியில்லை. அதில் வேறெதையும் திறக்காதே என்று மட்டும் பெண்ணிடம் கெஞ்சிவிட்டு வந்தேன்.

அந்த மூன்று வாரமும் படியிறங்கும்போதெல்லாம் அவர்கள் ஜன்னலைப் பார்ப்பேன். ஆபீஸ் ரிப்போர்ட்டில் பழைய பிரவுசர் உள்ள மெஷின்கள் பூஜ்யம் என்று வரும். எனக்கு மட்டும் தெரியும், ஒன்று இருக்கிறது. நான்காவது மாடிக்குப் போனால், இன்று உங்களுக்கு முக்கியமான வேலை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் கேட்கத் தொடங்கினேன். சிலர் போனைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை கதவு தட்டும் சத்தம். அந்தப் பெண், கையில் மைசூர்பாகு டப்பாவோடு. “அங்கிள், சீட் வச்சேசிந்தி” என்றாள். அவள் கேட்ட எலக்ட்ரானிக்ஸே கிடைத்துவிட்டது. லெட்டரையும் பிரிண்ட் எடுத்தாகிவிட்டதாம். டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, அதுவரை என்னிடம் ஒருநாளும் பேசியிராத தமிழில், வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்: “இப்ப வந்து அப்டேட் போடுங்க, அங்கிள்.”

“செருப்பையாவது மாட்டிக்கிட்டுப் போங்க” என்று மனைவி கத்தியது படியில் பாதி இறங்கியபிறகுதான் காதில் விழுந்தது. என் சர்வீஸில், தானாக வந்து என்னை அப்டேட் போடச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.