பியர்ப் பாட்டில் பாடிய துதி

டென்மார்க்கில், கோல்டிங் நகரத்து எங்கள் தமிழ்ச் சபையில் பாட்டு நடத்துவது நான். கிற்றார் வாசிப்பது என் கணவர். எங்கே நல்ல மெட்டுக் கேட்டாலும் மனிதர் அதற்குத் தமிழில் ஒரு துதி எழுதிவிடுவார். தொழிற்சாலை வானொலியில் கேட்ட கன்ட்ரி என்கிற நாட்டுப்புறப் பாணிப் பாட்டு ஒன்றையும் அப்படித்தான் பிடித்து வந்தார். இயந்திர இரைச்சலில் சொல் எதுவும் விளங்கவில்லையாம். "கேட்டாலே கண் கலங்குது, கட்டாயம் கர்த்தரைப் பற்றித்தான் இருக்கும்" என்றார். நானும் நம்பினேன்.

இலங்கையில் போர் முடிந்த மே மாதம் அது. வன்னியிலிருந்த என் தம்பியைப் பற்றித் தை மாதத்துக்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. முகாமில் இருக்கிறானா, உயிரோடுதான் இருக்கிறானா என்று சொல்ல ஆளில்லை. டேனிஷ் சபையார் சேர்ந்து செபிக்கக் கூப்பிட்டார்கள். நான் அந்தப் பாட்டைத்தான் தெரிந்தெடுத்தேன்.

கண்ணை மூடி, "உம் சித்தம்போல் ஆகட்டும்" என்று உருகிப் பாடுகிறேன், முன்வரிசையில் காலால் தாளம் தட்டுகிற சத்தம். கண்ணைத் திறந்தால் கிழவர்கள் தோளோடு தோள் சேர்த்து ஆடுகிறார்கள்! ஒருவர் டேனிஷில் கூடவே பாடுகிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

பிறகு கோப்பி மேசையில் ஒரு டேனிஷ் அம்மா சிரிப்பை அடக்கமாட்டாமல் விளக்கினார். இங்கே அது ஆட்டத்துக்கு வாசிக்கும் இசைக்குழுக்களின் பாட்டு. அதில், இன்னும் ஒரு பியர், பிறகு வீட்டுக்குப் போகிறேன் என்று ஒருவன் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருப்பானாம்.

"இஞ்சாருங்கோ! இவ்வளவு நாளும் ஆண்டவருக்கு முன்னாலை பியர்ப் பாட்டோ பாடினனான்?"

"மெட்டு நல்லந்தானேயப்பா" என்றார் கணவர், கேக்கை விடாமல்.

வீட்டில் மகள் கணினியில் தேடினாள். ஒரு ரொக் இசைக்குழு அதே பாட்டைத் தொண்டை கிழியக் கத்தியது. ஒருத்தி அதை ஜாஸாக்கி, நித்திரை வருமளவுக்கு இழுத்தாள். கடைசியாக அமெரிக்காவில் முதன்முதல் பாடிய பழைய பாட்டு அகப்பட்டது. மகள் அதன் ஆங்கிலத்தை வரிவரியாகத் தனக்குச் சுலபமான டேனிஷில் சொன்னாள். பியரும் இல்லை, கர்த்தரும் இல்லை. ரயில் நிலையத்தில் ஒரு பெண், போனவன் எங்கே, இருக்கிறானா என்று இறங்குகிற எல்லோரையும் கேட்கிறாள். அவ்வளவுதான்.

அன்றுதான் நான் அழுதேன். இத்தனை மாதமாக என் நெஞ்சில் கிடந்ததும் அதுதானே! எங்கள் பாட்டில் மட்டும் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

அடுத்த ஞாயிறு எங்கள் தமிழ்ச் சபையில் அதே பாட்டு. "உம் சித்தம்" வந்த இடத்தில் நான் பாடவில்லை. உரத்துக் கேட்டேன்: "ஆண்டவரே, என்ரை தம்பி எங்கை? இருக்கிறானோ இல்லையோ, அதையாவது சொல்லும்."

கணவர் மெட்டை நிறுத்தாமல் வாசித்தார். பின்வரிசையில் ஒருத்தி எழும்பித் தன் மகன் எங்கே என்று ஆண்டவரைக் கேட்டாள். பிறகு ஒருவர் தன் அண்ணன் எங்கே என்று கேட்டார். அந்தப் பாட்டு முடிய அன்று வெகுநேரம் எடுத்தது.