அம்மா நிம்மதியாகத் தூங்கிய நாள்

பள்ளிக்கூடத்திலிருந்து மெட்ராஸ் ஐயை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். எனக்குச் சரியாகிற சமயத்தில் அது அப்பாவுக்கு ஒட்டிக்கொண்டது. தீபாவளி சீசன். வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அப்பாவுக்கு வெடிமருந்து செலுத்தும் வேலை. சிவந்த கண்ணோடு போனவரைப் போர்மேன் வாசலிலேயே மறித்து, "கண்ணக் கசக்கிக்கிட்டு மருந்துகிட்ட உக்காரக் கூடாது, வீட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். சீசனில் வேலை கெட்டுப்போனதற்கு அம்மா காலை முழுக்க என்னைத்தான் திட்டினாள்.

மத்தியானம் அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் அது என்ன சத்தம் என்று யாரும் கேட்பதில்லை. பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். வெடித்தது அப்பா வேலை பார்க்கும் அறை. அன்றைக்கு அதில் இருந்தவர் அப்பாவின் கூட்டாளி. எங்கள் தெருக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். அவர் பிழைக்கவில்லை.

துக்கம் கேட்கப் போய் வந்தவர்கள் எல்லாம் எங்கள் வீட்டிலும் எட்டிப் பார்த்து, அப்பனைக் காப்பாற்றிய பிள்ளை என்று என் கன்னத்தைத் தடவினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவின் முகத்தில் மட்டும் சந்தோஷமே இல்லை. "இம்புட்டுப் பெரிய நல்லது நமக்குச் சும்மா வந்திருக்காது. இதுக்கு ஏதோ ஒண்ணு வரப்போகுது" என்று அப்பாவிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் வண்டியை எடுத்தால் தெருமுனை வரை நடந்துபோய்ப் பார்ப்பாள். எனக்கு லேசாக உடம்பு சுட்டாலும் விடிய விடிய விழித்திருப்பாள்.

பொங்கல் கழிந்து நான் பள்ளிக்கூடத்து வேப்பமரத்திலிருந்து விழுந்தேன். கை எலும்பு முறிந்திருக்கிறது என்றார் டாக்டர்.

"அம்புட்டுத்தானே டாக்டர்? வேற ஒண்ணும் இல்லையே?"

கேட்கும்போதே அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. நான் வலியில் அழுதுகொண்டிருக்க, அவள் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டாள். வீட்டுக்கு வந்ததும் என் பக்கத்திலேயே படுத்து அடித்துப்போட்டாற்போலத் தூங்கினாள். எனக்கு வந்த கோபத்தில் அவளோடு பேசவே இல்லை.

மறுநாள் இறந்துபோன அந்த மாமாவின் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு என்னைப் பார்க்க வந்தார். மாவுக்கட்டின் மேல் மெதுவாகக் கை வைத்து, வலிக்குதா என்று கேட்டார்.

அம்மா அவசரமாக, "எங்களுக்கும் கஷ்டம் வராம இல்லத்தா. இந்தா பாருங்க, கைய ஒடிச்சிக்கிட்டு வந்து நிக்கா" என்றாள்.

அத்தை என் கையை விட்டு அம்மாவைப் பார்த்தார். "சின்னப்பிள்ள எலும்புதான மதினி. சீக்கிரம் கூடிரும்."

அம்மா டீ போடுவதாகச் சொல்லி உள்ளே போனாள். வெகு நேரமாகியும் அவள் வெளியே வரவில்லை. கேஸ் தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.