மருதை பிடுங்கிய ஒயர்

சாப்பிட உட்காரும் முன் இன்னாசிராஜ் மாமா இடது கையால் வலது மணிக்கட்டை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். பி.எஸ்ஸி. படிக்க வையம்பட்டியிலிருந்து வந்து தென்னூரில் அக்கா வீட்டில் தங்கிய காலம் முழுக்க இதைப் பார்த்திருக்கிறேன். மாமா ரேடியோ ரிப்பேர் செய்தார். ஆனால் யாராவது கேட்டால், மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் அடிக்கிறேன் என்றுதான் சொல்வார். எண்பத்திரண்டில் சைக்கிளிலிருந்து விழுந்து முறிந்த மணிக்கட்டு கோணலாகக் கூடியது. குச்சியை ஓங்க முடியவில்லை.

குழுவை நடத்திய அமிர்தராஜ் மறைக்கவில்லை. "மாதா திருவிழா வரைக்கும் பாக்குறேன் இன்னாசி. அப்புறம் வேற ஆள்தான்."

மாமா ஓங்காமல் அடிக்க வழி தேடினார். பழைய ரெக்கார்ட் பிளேயர்களின் ஊசித்தலைக்குள் இருக்கும் படிகத் துண்டுகளை எடுத்து, பிளைவுட் வட்டங்களின் அடியில் ஒட்டி, மேலே சைக்கிள் ட்யூபைப் போர்த்தினார். விரலால் தட்டினால் படிகத்தில் துளி மின்சாரம் எழும். அது ஒரு டிரான்சிஸ்டர் பெட்டியைத் தூண்டும். ஸ்பீக்கரில் டிரம் முழங்கும். நான்கு தட்டுகள். சோதனைக்கு நான் துணை.

"கேக்குதாடா?"

"மூணாவது பேசல மாமா."

"திருகு. இன்னும் திருகு."

அவர் விரலின் பலத்துக்குப் பேசும்வரை பெட்டியின் குமிழைத் திருகினேன். அவ்வளவு மெல்லிய தட்டலுக்கு எழும் பெட்டி வேறு எதற்கெல்லாம் எழும் என்று, பௌதிகம் படித்த நான் யோசிக்கவில்லை. சிமெண்டுத் தரையில்தான் சோதித்தோம். ஸ்பீக்கர் அடுத்த அறையில் இருந்தது.

திருவிழா மேடையோ தார் டிரம்கள் மேல் பலகை பரப்பியது; ஸ்பீக்கரும் அதே பலகைமேல்தான். பெட்டியைப் பார்த்துக்கொள்ள நானும் மேடையில் இருந்தேன். இரண்டு பாட்டு அருமையாகப் போயின. சப்பரம் கோயில் வாசலுக்கு வந்ததும் பாட்டை நிறுத்தினோம். சாமியார் ஆசீர் கொடுக்கக் கை உயர்த்தினார், ஊரே முழந்தாளிட்டது. வேட்டு போட்டார்கள். பலகை அதிர்ந்து நான்கு தட்டும் முழங்கின. அந்த முழக்கத்தில் பலகை மறுபடி அதிர, மறுபடி முழக்கம். மாமா உறைந்துவிட்டார். டோலக் வாசிக்கும் மருதைதான் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினார்.

எல்லோரும் திரும்பியபோது ஒயர் மருதை கையில் இருந்தது. மருதை கிறிஸ்தவர் இல்லை.

"வேதக்காரன் இல்லாதவன மேடையேத்துனா வேற என்ன நடக்கும்?" என்று கீழிருந்து ஒருவர் கத்தினார்.

"யாருய்யா பண்ணது?" என்றார் அமிர்தராஜ்.

மாமா வாய் திறக்கவில்லை. மருதை அவருடைய கோணல் மணிக்கட்டைப் பார்த்தார்.

"என் கால் பட்டுருச்சுண்ணே."

அதன்பின் எந்தக் குழுவும் மருதையைக் கூப்பிடவில்லை. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போய்விட்டார். மாமா தட்டுகளுக்கு அடியில் தடித்த ஃபோம் வைத்து இன்னும் நான்கு வருஷம் வாசித்தார். "நாளைக்கு அமிர்தராஜ்கிட்ட சொல்லிடுறேன்டா" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

எண்பத்தேழில் மாமாவுக்கு மஞ்சள் காமாலை. புத்தூர் ஆஸ்பத்திரிக்கு மருதை பார்க்க வந்தார்.

"சாப்டியா மருதை?"

"ஆச்சுண்ணே."

இரண்டு நாளில் மாமா போய்விட்டார்.

அமிர்தராஜ் இன்னும் மருதையைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார். உண்மையைச் சொன்னால் அக்காவுக்குத் தலைகுனிவு வரும் என்று நான் எனக்கே காரணம் சொல்லிக்கொள்கிறேன். அந்த வீட்டுச் சோற்றில்தான் பட்டம் வாங்கினேன் என்பது இன்னொரு காரணம். எது நிஜமான காரணம் என்று தெரியவில்லை. மாமா சொல்லாமல் விட்டுப்போனதை நானும் இன்னும் சொல்லவில்லை.